சின்ன எழுத்தில் ஒரு வீடு

நாற்பதாம் நாள் செபம் முடிந்ததும் எல்மாரின் ஆன்மா வீட்டை விட்டுப் போய்விடும். அதற்குள் இறந்த தம்பி கணினி விளையாட்டில் கட்டிய உலகத்தைத் திறந்து, அவன் கூட்டாளிகளோடு உள்ளே போய் விடைகொடுக்க வேண்டும். அவன் அக்கா ரோவேனா இதில் ஒற்றைக்காலில் நின்றாள். அந்த உலகத்துக்கு அவன் வைத்த பெயர் ‘பலாய்’, வீடு.

எல்மாரின் நண்பன் ஜெரிக் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, விளையாட்டை நடத்தும் சர்வரை ஏற்றி, பலாயை விண்டோஸிலிருந்து நகலெடுத்து வைத்தான். திறக்கவேண்டிய உலகத்தின் பெயரை ரோவேனாவே ஆங்கில எழுத்தில் தட்டினாள்.

உள்ளே வெறும் புல்வெளி. அவள் ஜெரிக் பக்கம் திரும்பினாள்.

"அழிச்சுத் தொலைச்சிட்டியாடா?"

"திட்டாதீங்க மனாங். இருங்க, பாக்குறேன்." எல்மாரைப் போலவே அவனும் அவளை மனாங், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

அப்போது சர்வரின் கறுப்புத் திரையில் ஒரு வரி விழுந்தது: எல்மார் உள்ளே வந்தார்.

"யாருடா இவன் பேர்ல வர்றது?"

"வெளி ஆளுங்களுக்கு இன்னும் வழியே திறக்கல மனாங்." ஜெரிக் திரையை உற்றுப் பார்த்தான். "அடுப்புல வேகுற பஞ்சித் நூடுல்ஸ் வாசனைக்கு வந்துட்டானோ என்னவோ."

அவள் சிரிக்கவில்லை. புல்வெளியில் ஒரு படிக்கட்டு தானாக எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுகிற ஆள் இல்லை. எல்மார் எப்போதும் படியைத்தான் முதலில் கட்டுவான். ‘ஏறினாத்தான மனாங் வீடு’ என்பான்.

"கிடைச்சிருச்சு!" என்று ஜெரிக் கத்தினான். "அவன் வச்ச பேர்ல முதல் எழுத்து பெருசு, நீங்க சின்னதா அடிச்சிருக்கீங்க. விண்டோஸ் கண்டுக்காது. லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற. அதான் புதுசா வெத்து உலகம் கிளம்பிருச்சு. அவனோடது பத்திரமா இருக்கு."

கூடத்தில் செபம் தொடங்கிவிட்டது. அவசரத்தில் ரோவேனாவே சர்வரை நிறுத்தினாள். எழுத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினாள்.

வீடு அப்படியே இருந்தது, விளக்குகள் எரிந்தபடி. வழியைத் திறந்ததும் கூட்டாளிகள் ஏழு பேரும் வந்தார்கள். எல்மார் வரவில்லை. கூடத்தில் கடைசி ஆமென் கேட்டது.

எல்லோரும் சாப்பிடப் போனபின் அவள் மட்டும் உட்கார்ந்து, சர்வர் எழுதிவைத்த பதிவை மேலே நகர்த்தினாள். தான் நிறுத்திய இடத்தில், அவசரத்தில் கவனிக்காமல் விட்ட இரண்டு வரிகள் இருந்தன.

எல்மார்: மனாங், நிறுத்தாத. ஒரு படிதான் பாக்கி.

எல்மார் வெளியேறினார்.

ரோவேனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.