உகெத் அணைத்த விளக்கு

எங்கள் மாதா கோயிலில் பீடத்துக்கு அருகே தூணில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மேலே மாடத்தில், ஆர்கன் என்னும் பெரிய குழல்வாத்தியத்தை வாசிப்பவர் கண்ணெதிரே, சிவப்பு விளக்கு எரியும்; மறுபடி அழுத்தினால் அணையும். எரிந்தால் ‘போதும், நிறுத்து’ என்று அர்த்தம். அவர் பூசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஒரு சின்ன வட்டக் கண்ணாடியில் பீடம் மட்டும் தெரியும், கூட்டம் தெரியாது. பூசை வைக்கும் சாமி தலையசைப்பார், கோயில்பிள்ளையான நான் அழுத்துவேன். ஊரே என்னை ‘விளக்கு உகெத்’ என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், எனக்கென்ன!

ஆர்கன் வாசிக்க கிஸ்லேன் ஓப்ரெகூர் வந்த நாளிலிருந்து அந்தப் பொத்தானுக்கு ஓய்வே இல்லை. மனிதர் கொஞ்சம் கிறுக்கு. காணிக்கை நேரத்தில் ஏதோ ஒன்றைத் தொடங்கி, அது அவரை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும். பாரிஸில் அவர் எழுதிய இசையை வாசிப்பார்களாம், மதிப்பார்களாம். எங்கள் நார்மண்டி ஊரிலோ கசாப்புக்கடை பொன்ஸ்லே சொன்னதுதான் தீர்ப்பு: “பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கு, அதுவும் நின்னு நிதானமா மிதிச்ச மாதிரி.”

கிஸ்லேனின் மனைவி பெரின் அப்படியில்லை. சனிக்கிழமைதோறும் என்னோடு உட்கார்ந்து பீடத்துணிகளை இஸ்திரி போடுவாள். வாய் ஓயாமல் ஒரே மெட்டை முணுமுணுப்பாள். இறங்கி, கொஞ்சம் தயங்கி, மறுபடி இறங்கும் மெட்டு. கல்யாணமான வருஷம் கிஸ்லேன் அவளுக்காகத் தொடங்கியது.

“இதோட கடைசி எப்படிடி இருக்கும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? உன் விரலுக்குத்தான் தெரியும். அங்க வர்றதுக்குள்ள அமுக்கிடுறியே, மகராசி.”

“வார நாள்ல வாசிச்சுக் காட்டச் சொல்றதுதானே? கோயில் காலியாத்தானே கிடக்கு?”

“அதுதான் வம்பே. காலிக் கோயில்ல எதிரொலி கடைசிய முழுங்கிடுமாம். அவ்வளவு மெல்லிசான முடிவாம். ஆளுங்க நிறைஞ்சு இருந்தாத்தான் கேக்குமாம். ‘ஜனங்க உடம்பும் என் வாத்தியம்தான்’னு பிடிவாதம் பிடிக்கிறார்.”

“நல்லா பிடிச்சார் போ! பூசை முடிஞ்சதும் ஜனங்க சாப்பாட்டுக்கு ஓடுறாங்க. எவன் உட்காருவான்?”

பெரின் சிரித்தாள். “ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும் உகெத்” என்றாள். அப்போதே அவள் நோய் முற்றியிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

புனித வாரத்தில் செத்துப்போனாள். அடக்கம், இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று. வேறு நாளில் வைத்திருக்கலாம்தான், ஆனால் பிணம் யார் வசதிக்குக் காத்திருக்கும்? பெரிய வியாழன் இரவு தொடங்கி சனி இரவு உயிர்ப்புத் திருவிழிப்பு வரை எங்கள் கோயிலில் துக்கம், ஆர்கனைத் தொடக்கூடாது. சாவி என்னிடம் இருந்தது. கேட்டால் கொடுத்துவிடுவது என்று முடிவோடுதான் இருந்தேன், சாமி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கிஸ்லேன் கேட்கவில்லை.

“மேல போறீங்களா, முசே?” என்று நானே கேட்டேன்.

“இத்தனை வருஷம் ஊர்ல யார் செத்தாலும் இந்த நாள்ல முடியாதுன்னு சொன்னவன் நான். என் பெண்டாட்டிக்கு மட்டும் எப்படி?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஊருக்கெல்லாம் வாசித்தவன் வீட்டுச் சாவுக்கு ஒரு சுரம் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. கோயில் பிதுங்கியது. கடைசி ஆசீர் முடிந்ததும் வழக்கம்போல ஆர்கன் முழங்கும், அந்த முழக்கத்தின் அடியில் ஊர் வம்பு பேசிக்கொண்டே எல்லாரும் வெளியேறுவார்கள். அதுதான் பழக்கம். அன்று முழக்கம் வரவில்லை. மெல்ல ஒன்று இறங்கியது. தயங்கியது. மறுபடி இறங்கியது.

இஸ்திரிப் பெட்டியின் சூடு என் கையில் ஏறிய மாதிரி இருந்தது. பெரினுடைய மெட்டு!

ஜனங்களோ எழுந்து நின்று சளசளவென்று பேசிக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தார்கள். எல்லாருக்கும் முன்னே பொன்ஸ்லே. அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, பெரிய கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டேன். பக்கக் கதவு காலையிலிருந்தே பூட்டித்தான் இருந்தது.

“ஏய் உகெத், புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்றான் பொன்ஸ்லே. “அடுப்புல ஆட்டுத்தொடை வெந்துக்கிட்டிருக்கு!”

“வேகட்டும்.”

“கருகிடும்டி!”

“ஊருக்கே ஆடு விக்கிறவன்தானே நீ? இன்னொண்ணு வெட்டிக்கோ. இது பெரினோட பாட்டு. வெள்ளிக்கிழமை வாசிக்க முடியாம வயித்துக்குள்ள வச்சிருந்தது. வாயை மூடிக்கிட்டு உட்காரு!”

பெரினின் பெயரைக் கேட்டதும் பக்கத்தில் நின்றவர்கள் அடங்கினார்கள். பொன்ஸ்லே தொப்பியை முறுக்கினான். பிறகு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

நான் தூணடிக்கு வந்தேன். சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாகிவிட்டது அவருக்கு. “விளக்கு, உகெத், விளக்கு!” என்று கிசுகிசுத்தார்.

“பல்பு போயிடுச்சு, சாமி.”

பண்டிகை நாளும் அதுவுமாகப் பீடத்துக்கு முன்னால் பச்சைப் பொய். சாமி என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

அழகாக இருந்தது என்று புளுக மாட்டேன். நடுவில் கரகரவென்று முட்டி மோதியது, பூனை வால் ஞாபகம் எனக்கும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு குழல் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு குழல், தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி. யாரும் இருமவில்லை. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்ற பிறகும் கேட்டது.

இதைத்தான் அவள் ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டாள். அழுதுவிட்டேன், என்ன செய்ய!

எங்கள் கோயிலில் கைதட்டும் வழக்கமில்லை. மேலே அவர் நோட்டுகளை மூடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் உறைத்தது: எல்லாரும் வழக்கம்போலப் போய்விட்டார்கள், காலிக் கோயிலுக்கு வாசித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டல்லவா அந்த மனுஷன் இறங்கி வருவார்?

பொத்தானை அழுத்தினேன்.

“பல்பு போச்சுன்னே?” என்றார் சாமி.

“உயிர்த்தெழுந்துடுச்சு, சாமி.”

கிஸ்லேனின் தலை மாடத்துக் கைப்பிடிக்கு மேலே எழுந்தது. பூசை நாளில் அவர் முகத்தை அங்கே நாங்கள் பார்த்ததே இல்லை. கோயில் நிறைந்து இருப்பதைப் பார்த்தார்.

“உகெத்,” குரல் உடைந்திருந்தது, “அதான் முடிஞ்சுபோச்சே. இப்ப எதுக்கு விளக்கு?”

கடைசிப் பெஞ்சிலிருந்து பொன்ஸ்லே எழுந்தான்.

“முசே ஓப்ரெகூர், என் ஆட்டுத்தொடை எப்படியும் கரியாயிருக்கும். இன்னொரு தடவை வாசிச்சிடுங்க. ஆரம்பத்துல நான் பேசிக்கிட்டே இருந்துட்டேன்.”

தலை மறைந்தது. அவர் உட்காரும் பலகை கிரீச்சிட்டது. நான் விளக்கை அணைத்தேன்.