படகில் இருந்த நாய்

தையற்காரிக்குக் காது மகளிடம் இருந்தது, கண் ஊசியில் இருந்தது. அந்தக் கோடை விடுமுறையில் அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

விடுமுறையில் ஒரு புத்தகத்தை வீட்டில் சத்தமாக வாசிக்க வேண்டும், கேட்டவர் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மகளுக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாத பெண்ணுக்கு வாசிப்பதா கஷ்டம் என்று அம்மா மிதப்பாக இருந்தாள்.

மெஷின் கடகடக்க, எதிரே புத்தகத்தை விரித்துக்கொண்டு ரேடியோ தினமும் வாசித்தாள். ஓட்டைப் படகில் நடுக்கடலில் மாட்டிக்கொண்ட மாலுமி, அவனோடு ஒரு கிழட்டு நாய். அளவு கொடுக்க வந்தவர்கள் கொடுத்து முடித்தும் நகரவில்லை. பேக்கரிக்காரர் மனைவி பொத்தான் போய்விட்டதென்று ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தூக்கி வந்தாள். பிய்த்தது யார் என்று தெருவுக்கே தெரியும்.

"நாய் பொழைக்குமாடி?"

"அவசரப்படாதீங்க அத்தை. நாளைக்குத்தான் வரும்."

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மகள் நூல் வாங்கப் போயிருந்தாள். நாளைவரை பொறுக்கமாட்டாமல் அம்மா புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கடல் இல்லை, படகு இல்லை. தேனீ வளர்க்கும் அண்ணன் தம்பி கதை அது.

மகள் வந்ததும் அம்மா கேட்டாள். "இதுல நாய் எங்கடி?"

மகள் வாங்கி வந்த நூல்கண்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"முதல் வரியைப் படி."

ரேடியோ விரலை வைத்தாள். "தே... தே..." அதற்குமேல் வண்டி நகரவில்லை.

"வகுப்புல எப்படிடி சமாளிச்ச?"

"பக்கத்துல இருக்கறவ வாசிக்கறதைக் கேட்டு அப்படியே ஒப்பிச்சுடுவேன்." பிறகு மெதுவாக, "கையெழுத்து மட்டும் போட்டுடும்மா. சின்னப் பசங்களோட உக்கார முடியாது."

வாசலில் சட்டையோடு நின்ற பேக்கரிக்காரர் மனைவி சும்மா போவாளா? "போட்டுத் தொலையேன். எவ கேட்டுட்டுப் போடறா? நான் என் மகனுக்கு முதல் நாளே போட்டுட்டேன்."

தையற்காரி பேனாவைத் திறந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். திரும்ப மூடினாள்.

"போட்டா எட்டாவதுலயும் இதே 'தே'தான்."

பள்ளி திறந்தது. ரேடியோ, தன் தோளுக்கு எட்டாத பிள்ளைகள் நடுவே, ஆறாம் வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள். மாலையில் மெஷினுக்கு எதிரே அதே தேனீக்கள், எழுத்து எழுத்தாக. வந்தவர்கள் துணியை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பினார்கள். பேக்கரி வீட்டுப் பொத்தான்கள் திடீரென்று உறுதியாகிவிட்டன. ரேடியோ என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அப்படிக் கூப்பிட அவளிடமிருந்து என்ன சத்தம் வருகிறது?

ஒருநாள் அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"ஏண்டி, அந்த நாய் கடைசியில என்னாச்சு?"

மகள் வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"செத்துப்போச்சு," என்றாள். அடுத்த எழுத்தைத் தேடினாள்.