மில்லக்காவின் சிவப்பு அட்டை

"அந்த மெஷினை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க முடியாதாக்கா?"

கேட்டுவிட்டுத் தம்பி சுவரைப் பார்த்தான். மில்லக்கா தன் மூக்கில் மாட்டியிருந்த குழாயைத் தொட்டுக்கொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் கிழட்டு நாய் மாதிரி உறுமிக்கொண்டு கிடந்தது.

"அதை நிறுத்தினா நானும் சேர்ந்து நின்னுடுவேன்டா," என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். தம்பி சிரிக்கவில்லை.

"பொண்ணைப் பாக்க வர்றவங்க காதுல விழுமேக்கா. வியாதிக்காரக் குடும்பம்னு எழுந்து போயிட்டா என்ன பண்றது?"

வியாதிக்காரக் குடும்பமாம்! அந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று தெருவுக்கே தெரியும். அப்பா அம்மா போன பிறகு, பாவாடை வயதிலேயே பஞ்சாலைக்குப் போனவள் அவள். பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தம்பியைப் படிக்க வைத்தாள். அவனுக்கு உத்தியோகம் கிடைத்தது, கல்யாணம் நடந்தது. தனக்கு ஒன்று வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை. மில்லில் கடைசியாகக் கொடுத்த தொகையில் இந்த வீட்டை வாங்கினாள். ஆண்பிள்ளை பெயரில் இருப்பதுதான் முறை என்று நாலு பேர் சொன்னார்கள், அப்படியே எழுதிக் கொடுத்தாள். அவளுக்கென்று மிஞ்சியது நுரையீரல்தான், அதிலும் பாதி. வரன் பேச வருகிறவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? வீட்டில் யாரோ ஒருவர் இருமினால் போதும், அந்த இருமலைத் தூக்கி மணப்பெண்ணின் தொண்டையில் வைத்துவிடுவார்கள்.

"சரிடா. நான் உள்ளேயே கதவைச் சாத்திக்கிறேன். கதவுக்குக் கீழ போர்வையை அடைச்சுடு. மெஷின் மட்டும் ஓடட்டும்," என்றாள் மில்லக்கா. இவள் தோளில் தூங்கி வளர்ந்த தம்பி மகளுக்கல்லவா வரன் வருகிறது?

அவள் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். அவளைக் கேட்காமல் தம்பி எடுத்துக்கொண்டது வேறு.

வாசல் சுவரில், மின்சார மீட்டருக்கு அடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். மூச்சு மெஷினை நம்பி உயிர் வைத்திருக்கிறவர் இந்த வீட்டில் இருக்கிறார், பாக்கி இருந்தாலும் மின்சாரத்தை வெட்டக் கூடாது என்று பொருள். நல்ல விதிதான். தம்பி அதைத் தனக்கு இன்னும் நல்லதாக்கிக்கொண்டான். "அட்டை இருக்கே, எவன் வந்து வெட்டப் போறான்?" என்று பில் கட்ட வேண்டிய பணத்தைச் சுவருக்குப் பெயிண்டாகவும் கூடத்துக்குப் புது நாற்காலிகளாகவும் மாற்றியிருந்தான். அன்று காலை பார்த்தால், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படப்போவதே அந்த அட்டைதான். கழற்றித் துணி அலமாரிக்குள் போட்டான். அவள் அறை மூலையில் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரையும், அவள் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் உருட்டிவிட்டான். இரண்டும் மில்லக்காவுக்குத் தெரியாது.

விருந்தாளிகள் வந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் மில்லக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையனின் அம்மா குரல் கணீரென்று கேட்டது.

"வீட்டுல வேற யாரெல்லாம் இருக்கீங்க?"

"நாங்க மூணு பேர்தாங்க," என்றான் தம்பி.

மில்லக்காவுக்குச் சுருக்கென்றது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், அதில் இது ஒன்று என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். டீ டம்ளர்கள் வைக்கும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி பலமாகச் சிரித்தாள்.

அப்போது மின்விசிறி நின்றது. மெஷின் ஒரு தடவை நீளமாகக் கத்திவிட்டு ஓய்ந்தது.

குழாயில் காற்று வரவில்லை. மில்லக்கா சிலிண்டரைத் தேடினாள், மூலை காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, மீட்டர் பக்கமிருந்து பேச்சு வந்தது.

"என்னப்பா இது, விருந்தாளிங்க இருக்கற நேரத்துல?" தம்பியின் குரல்.

"மூணு பில்லு பாக்கி சார். வெட்டச் சொல்லிட்டாங்க. ஆனா இங்க ஒரு சிவப்பு அட்டை இருந்துச்சே?" லைன்மேன் சுவரைத் தட்டிப் பார்ப்பது கேட்டது. "போன தடவை அதைப் பாத்துட்டுத்தான் திரும்பிப் போனேன். அந்தம்மா இருக்காங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க சார், இப்பவே லைனைக் குடுத்துடறேன்."

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. பையனின் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள் போலிருந்தது. மில்லக்கா காற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைக்கும் சேர்த்துக் காத்திருந்தாள்.

"இல்லப்பா," என்றான் தம்பி.

"ஐயோ, தவறிட்டாங்களா?"

"ஆமா. போன மாசம்."

வளர்த்த கடா மார்பில் பாயும் என்று அவளும் கேட்டிருக்கிறாள். இவ்வளவு மெல்லிய குரலில் பாயும் என்று யாரும் சொன்னதில்லை. அவன் பயந்து சொன்னான், மானத்துக்காகச் சொன்னான், மகளுக்காகச் சொன்னான் என்று எத்தனை சமாதானம் தேடினாலும் ஒன்றும் ஒட்டவில்லை. உள்ளே இருப்பவளுக்கு மூச்சு நின்றுபோகும் என்று தெரிந்தே சொன்னான். நெஞ்சு அடைத்ததைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

மில்லக்கா எழுந்தாள். போர்வையைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தாள். மூக்குக் குழாயின் மறுமுனை தரையில் இழுபட, புது நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அத்தை!" என்று தம்பி மகள் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

வாசலில் நின்று, கிடைத்த மூச்சையெல்லாம் சேர்த்துக்கொண்டு மில்லக்கா சொன்னாள்: "ஏம்ப்பா லைன்மேன்... செத்துப்போனவ நான்தான். கரண்டைக் குடு."

லைன்மேன் அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "யாரு சார் இவங்க?"

தம்பி மறுபடியும் சுவரைப் பார்த்தான்.

"எங்க அத்தை," என்றாள் அந்தப் பெண். "இந்த வீடே அவங்க வாங்கினதுதான். அப்பா பொய் சொல்றாரு."

லைன்மேன் உடனே மீட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே மெஷின் உறும ஆரம்பித்தது. பையனின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "இது... பொண்ணுக்கும் வருமா?"

"வரும்," என்றாள் பெண். "அத்தை மாதிரி காலமெல்லாம் மில்லுல பஞ்சைத் தின்னா வரும்."

விருந்தாளிகள் டீயைக் குடிக்காமலே போனார்கள். தம்பி மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பெண் அழவில்லை. புது நாற்காலிகளைக் கொல்லைப்பக்கம் போட்டுவிட்டு, அத்தையின் கட்டிலையும் மெஷினையும் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். அலமாரியைக் குடைந்து அட்டையைத் தேடி எடுத்தாள்.

விளக்கு வைத்த பிறகுதான் தம்பி கட்டில் பக்கம் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, குறைப்படுகிற குரலில் கேட்டான்: "ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதாக்கா? அவங்களை அனுப்பிட்டு நானே லைனைக் குடுக்கச் சொல்லியிருப்பேனே."

மில்லக்கா குழாயைச் சரிசெய்துகொண்டாள். சின்ன வயதில் அவன் முகத்தைத் துடைத்துவிட்ட அதே கையால்தான்.

"பொறுத்திருக்கலாம்டா," என்றாள். "பத்து நிமிஷம் பொறுத்திருந்தா நீ சொன்ன பொய் உண்மையாயிருக்கும். அப்புறம் உனக்கு அட்டையும் வேண்டியிருக்காது."

வாசலில் தம்பி மகள் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.