உரிக்காத தாள்

விபத்து அறிக்கையில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே தொட்டி அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே எழுதியிருந்ததை அவள் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்தக் குளிர்பானத் தொழிற்சாலையில், காலி பாட்டில் கழுவும் பிரிவில், காஸ்டிக் சோடா கரைக்கிற காரத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவள். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று இதுவரை யாரும் அவளுக்குக் குறி போட்டுக் காட்டியதில்லை. இன்றைக்குக் காட்டுகிறார்கள் என்றால், படிக்காமல் போட்டுவிட்டுப் போ என்று அர்த்தம்.

அவள் படித்தாள். வேண்டுமென்றே, விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘மேற்படி தொழிலாளி, போதிய பயிற்சியும் எச்சரிக்கையும் அளிக்கப்பட்டிருந்தும், தன்னிச்சையாக முகக்கவசத்தை உயர்த்திய காரணத்தால்…’ மேற்படி தொழிலாளி அவளுடைய கொழுந்தன். புருஷனின் தம்பி. புருஷன் லாரியோடு மாதக்கணக்கில் வெளியே போய்விடுகிறவன். வீட்டுக்கு ஒரு ஆண்துணை என்றால் இவன்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, நல்லவன் சார், சொன்ன பேச்சைக் கேட்பான் என்று வேலையில் சேர்த்துவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்டான். அதுதான் இரண்டு நாளாக அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த அதிகாரிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் புதுமாப்பிள்ளை. ஆள் ஐம்பதைத் தாண்டியவர். ஆனால் அவர் கண்ணுக்கு எல்லாம் புதுசாகவே இருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை மேல் ஈ உட்கார்ந்தால்கூட துடைக்க ஆள் அனுப்புவார். போன வருஷம் சோதனைக்கு வந்தவர்கள், முகக்கவசங்கள் மங்கிப்போய்க் கிடக்கின்றன என்று குறை எழுதிவிட்டுப் போனார்கள். காரம் தெறித்தால் மங்காமல் என்ன செய்யும்? புதுமாப்பிள்ளை தன் மானமே போய்விட்டதாக நினைத்துப் புதிதாக ஒரு பெட்டி வாங்கிப் போட்டார். கடையிலிருந்து வரும்போது ஒவ்வொன்றின் மேலும் கீறல் விழாமலிருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதை யாரும் உரிக்கக் கூடாது என்று உத்தரவு. அடுத்த சோதனையன்று காலையில் அவரே வந்து உரிப்பாராம். அதுவரை தாளோடு மாட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டுமாம். மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. ஆவியும் சேர்ந்துகொண்டால் தன் கை தனக்குத் தெரியாது. ஒருத்தி துணிந்து உரித்தாள். அவளை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் கவசத்தை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள், புதுமாப்பிள்ளையின் பூட்ஸ் சத்தம் கேட்டால் இறக்கிக்கொண்டார்கள். கொழுந்தனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள்.

“மேல தூக்கிக்கோ. இத மாட்டிக்கிட்டு நின்னா தொட்டிக்குள்ளயே விழுந்துடுவ. சத்தம் கேட்டா மட்டும் எறக்கு.”

மற்றதையெல்லாம் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் போய்க் கட்டிப்பட்டுவிட்டால் உள்ளுக்குள்ளேயே கொதித்து, நினைக்காத நேரத்தில் பொங்கி அடிக்கும். அமிலம் பட்டால் உடனே கத்த வைத்துவிடும். இது அப்படியில்லை. விரலில் பட்டால் சோப்பு மாதிரி வழவழவென்றிருக்கும், ஒன்றுமில்லை என்று நினைத்துத் துடைத்துக்கொள்வோம், அதற்குள் தோலைத் தின்றுகொண்டு உள்ளே போயிருக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். முந்தாநாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டான். அடியில் கிளறுகிற விசிறி நின்றுபோயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. கரைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தான். கவசம் நெற்றிக்கு மேலே இருந்தது.

பாட்டில் அலசுகிற குழாயை இழுத்துக்கொண்டு வந்து, அவன் தலையை மடியில் இறுக்கி, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, இரண்டு கண்ணிலும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். காரத்துக்கு மாற்று என்று யாரோ எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் அந்த ஆள் வந்த வழியே போய்விட்டான். வண்டி வந்துவிட்டது, போதும் விடு என்று புதுமாப்பிள்ளை கத்தினார். அவள் விடவில்லை. முழுசாக இருபது நிமிஷம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நம்பிக்கை இருக்கிறது என்றால் அது அந்தத் தண்ணீரால்தான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அந்த நம்பிக்கையும் இனிமேல் பார்க்கப்போகிற வைத்தியத்தைப் பொறுத்தது. தப்பு அவன் மேல்தான் என்று ஆகிவிட்டால் வைத்தியம் அவன் பாடு. வேலையும் கிடையாது.

“உள்ளதத்தாம்மா எழுதியிருக்கோம். அவர் தூக்கினாரா, இல்லையா?” என்றார் புதுமாப்பிள்ளை.

“தூக்கினான்.”

“அப்புறம் என்ன? போடுங்க.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான் மனுஷன்! உள்ளது. இதில் எது பொய் என்று அவள் தேடிப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தைதான் பொய். தன்னிச்சையாக. அந்த வார்த்தையை அடித்தால், யார் சொல்லித் தூக்கினான் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இரண்டு நாளாக அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை போகும் என்ற பயம்கூட அப்புறம்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரகத்தி, அவன் பெண்டாட்டி, நேற்று சாயங்காலம் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, “அவ்வளவு ஜாக்கிரதையான ஆளு, ஏன் தூக்கினாருன்னே புரியலக்கா” என்றாள். தொட்டி அக்கா எல்லாவற்றையும் மென்று முழுங்கிவிட்டு, டீ வாங்கிட்டு வரேன் என்று எழுந்து போனாள். டீ வாங்கப் போன தன்னை நினைத்தால் இப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பேனாவை எடுத்தாள். புதுமாப்பிள்ளையின் முகம் தெளிந்தது. தன்னிச்சையாக என்ற வார்த்தையை அவள் கோடு போட்டு அடித்தாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தாள். பெருக்கல் குறியின் மேலேயே எழுத ஆரம்பித்து, பக்கத்தின் விளிம்பு வரைக்கும் எழுதினாள். தூக்கச் சொன்னது நான். தாளை உரித்தால் வேலை இல்லை என்று சொன்னது பாதுகாப்பு அதிகாரி. கவசத்தில் இன்னும் தாள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கீழே தன் சொந்தப் பெயரை எழுதி, காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள்.

“என்னம்மா இது? தெரிஞ்சுதான் எழுதினீங்களா? நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இருக்குமா?”

“தெரிஞ்சுதான் சார் எழுதினேன். உங்க கவசத்துக்குக் கீறல் விழலல்ல? சந்தோஷமா? அவன் கண்ணுல விழுந்துச்சே, அதத் தொடச்சு வைக்க யார அனுப்புவீங்க?”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. காகிதத்தை நான்காக மடித்து இழுப்பறையில் போட்டு மூடினார். “பரவால்லம்மா. நீங்க போடலன்னாலும் எங்களுக்கு வேண்டியது கெடச்சாச்சு. போயிட்டு வாங்க” என்று சிரித்தபடி சொல்லிவிட்டு மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் எரிந்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று நின்றாள். முதலில் ஓரகத்தியிடம் சொல்ல வேண்டும். இன்னொருத்தர் வாயால் அவள் காதுக்குப் போகக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை. வார்டில் நுழைந்ததும் நின்றபடியே கொட்டிவிட்டாள். “நான்தான்டி தூக்கச் சொன்னேன். அவன் தப்பு ஒண்ணுமில்ல. தாளோட ஒண்ணும் தெரியாதுன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு நாளா உங்கிட்ட மறைச்சேன்.”

கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த ஓரகத்தியின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு மல்லாந்து கிடந்தவன்தான் பேசினான்.

“விடுங்கண்ணி. நீங்க சொல்லலன்னாலும் தூக்கித்தான் இருப்பேன். ஒண்ணும் தெரியலயே.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “காலைல ஆபீஸ்லருந்து ரெண்டு பேர் வந்தாங்க. நல்லாத்தான் பேசினாங்க” என்றான்.

“என்ன பேசினாங்க?”

“ஆஸ்பத்திரிச் சீட்டாம். இவ மருந்து வாங்கப் போயிருந்தா. படிச்சுக் காட்டுங்கன்னேன், எல்லாருக்கும் போடற சீட்டுதான்னாங்க. பேனா குடுங்க, கையெழுத்துப் போடறேன்னேன். கண்ணக் கட்டியிருக்கு, கோணலா வரும், ரேகையே போதும்னு கையப் புடிச்சு வெச்சுக்கிட்டாங்க.”

அப்போதுதான் அவள் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். பெருவிரல் நுனி முழுக்க நீல மை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டிக்குப் பரிசு வாங்கியவன் அவன். கல்யாணப் பதிவில் அவன் போட்ட கையெழுத்தைப் பதிவாளரே ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்தார். எங்களுக்கு வேண்டியது கெடச்சாச்சு. புதுமாப்பிள்ளை சொன்னது இதைத்தான், தப்பு தன்மேல்தான் என்று இவனே ஒப்புக்கொண்ட மாதிரி ஒரு காகிதம். கண்ணைக் குடித்தது போதாதென்று, அந்தக் கண் கட்டிக் கிடக்கிற நேரம் பார்த்து வந்து, கையையும் திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த எந்த வசவும் அந்த ஆட்களுக்குப் போதவில்லை.

ஓரகத்தி துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, அவன் விரலைத் துடைக்கக் குனிந்தாள். தொட்டி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடைக்காத. டாக்டர் வந்து பாக்கட்டும். கண்ணு தெரியாமக் கெடக்கறவன் விரல்ல மை எப்படி வந்துச்சுன்னு கேக்கட்டும். தேதி போட்டு எழுதட்டும்.”

“கைய எடுங்கக்கா” என்றாள் ஓரகத்தி. அதில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. தொட்டி அக்கா கையை எடுத்தாள். ஓரகத்தி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு துண்டைத் தரையில் வீசிவிட்டு வெளியே போனாள். வீட்டில் யாரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. இப்போது வராந்தா முழுக்க அது கேட்டது. “டாக்டர்! யாராவது டாக்டரக் கூப்பிடுங்க!” பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

“என்னண்ணி ஆச்சு? எதுக்குக் கத்தறா?” என்று கேட்டுக்கொண்டே அவன், தொட்டி அக்கா தூக்கிப் பிடித்திருந்த கையை இறக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. விரிப்பில் பட்டு மை அழிந்துவிடாதபடி அந்தக் கையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றாள்.