மாதிரி வீட்டில் பால் காய்ச்சியவள்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில், பட்டாசுக் கம்பெனிகளைத் தாண்டியதும் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் பெட்டிச் சந்து என்றொரு சந்து. வீட்டில் வைத்துத் தீப்பெட்டி ஒட்டுகிற குடும்பங்கள் எல்லாம் அதில்தான் அடைந்து கிடந்தன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யாராவது வீட்டு அடுப்படிக்குள் ஏறி நின்று வழிவிட வேண்டும். அப்படி ஏறியவர் அங்கே குழம்பில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதக் கடைசியில் அந்தச் சந்துக்குள் ஒரு சேதி திரி பற்றிக்கொண்ட வேகத்தில் ஓடியது. ஏழைகளுக்கென்று பஞ்சாயத்து போர்டு கட்டியிருக்கும் புது வீட்டில் பால் காய்ச்சச் செல்லக்கனியைக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

கூப்பிட வந்தவர் போர்டு ஓவர்சியர் இன்பராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குடிசைக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கிழம காலையில நீங்கதாம்மா பால் காய்ச்சணும். பிரசிடெண்டய்யா சொல்லி விட்டாக. மதுரையில இருந்து பெரிய அதிகாரி வர்றாக."

விரலில் ஒட்டிய பசையோடு எழுந்து நின்றாள் செல்லக்கனி. "நானா சார்? நெசமாவா?"

"நீங்கதான். நல்ல சேலையாக் கட்டிட்டு வாங்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. சொல்லாமல் விட்டதில்தான் வம்பே இருந்தது.

ஊருக்கு மேற்கே, சுடுகாட்டைத் தாண்டிய பொட்டலில் வரிசையாக வீடு கட்டி ஏழைகளுக்குத் தவணையில் கொடுப்பது என்று போர்டு ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. அஸ்திவாரம் எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று. பேர் கொடுக்கத்தான் ஆளில்லை. "செத்த பெறகு போற எடத்துக்கு உசுரோடயே போயி உக்காரணுமாக்கும்" என்று சந்து சிரித்தது. செல்லக்கனி ஒருத்திதான் ஓடிப்போய்ப் பேர் கொடுத்தவள். ஒரு பேரை வைத்துக்கொண்டு போர்டு என்ன செய்யும்? "ஆள் சேரட்டும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிரசிடெண்ட் வெள்ளைத்துரைக்கு அச்சாபீஸ் சொந்தம். ஆர்டர் பிடிப்பதற்கு முன்னால் மாதிரி அடித்துக் காட்டிப் பழகியவர். அதே வழியில், ஒரே ஒரு வீட்டை மட்டும் முழுசாகக் கட்டி முடித்து 'மாதிரி வீடு' என்று பெயர் வைத்தார். சனங்கள் பார்த்து ஆசைப்பட வேண்டும், அவ்வளவே. ரிப்பன் வெட்டினால் போதுமா? பால் காய்ச்சாததை வீடு என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? அவருடைய மனைவியைக் கேட்டதற்கு அந்த அம்மாள் ஒரே போடாகப் போட்டாள்: "பால் காய்ச்சுனா அன்னைக்கு ராத்திரி அங்கனதான் படுக்கணும். நான் எதுக்கு அந்தப் பொட்டல்ல போயிப் படுக்க?" அதனால்தான் ஓவர்சியரைப் பெட்டிச் சந்துக்கு அனுப்பினார், சிரித்த முகமாக ஒருத்தியைப் பிடித்துவாருமய்யா என்று. ஓவர்சியருக்கு அது போட்டோவுக்கு ஆள் பிடிக்கிற காரியம். செல்லக்கனிக்கோ அது வீடு கிடைத்த சேதி. கல்யாணத்தில் கழுத்தை நீட்டச் சொன்ன பிறகு, "தாலி சும்மா ஒரு இதுக்கு" என்று யாராவது சொல்வார்களா? வீட்டுக்காரியைத் தவிர வேறு யாரைப் பால் காய்ச்சக் கூப்பிடுவார்கள்?

அவளுடைய புருஷன் சங்கிலிமுத்து, கம்பெனி லோடு ஏற்றிப் போகிற வண்டிக்காரன். எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவன், அன்றைக்கு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. "கவர்மெண்டே கூப்பிட்டுக் குடுக்கு. நாம என்ன பிகுவா பண்ணுறது?" என்று மீசையை நீவிக்கொண்டான்.

அடுத்த குடிசைக்காரி பத்திரகாளி, சங்கிலிமுத்துவின் அக்காள். செல்லக்கனிக்கு மதினி. அவள் வாய் திறந்தால் தெருக்கோடிக் கோழி எழுந்திருக்கும். "ஏளா, ஒனக்குத்தான் மாளிகை கிடைச்சிருச்சே, இந்த ஓலை இனிமே எதுக்கு?" என்று கேட்டாள். செல்லக்கனிக்கு இருந்த குஷியில் உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் குடிசையைப் பிரித்தாயிற்று. மூங்கில், ஓலை, கதவுக்குத் தொங்கவிட்ட சாக்கு, எல்லாம் மதினி வீட்டோடு சேர்ந்துவிட்டன. பத்திரகாளி நடுவிலிருந்த மண்சுவரையும் இடித்து ஒரே கூடாரமாக்கிவிட்டாள். செல்லக்கனி, புருஷன், இரண்டு பெண்பிள்ளைகள், நான்கு பேரும் அன்றிரவு தங்கள் வீடு இருந்த இடத்திலேயே விருந்தாளிகளாகப் படுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சந்தே திரண்டு பொட்டலுக்குப் போனது. வேடிக்கை பார்க்க என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஓட்டுக்கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், பின்னால் அடுப்படி, அதற்குத் தனியாகப் புகைபோக்கி. பெத்தணன் என்கிற கிழவர் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்ட நேரா இதுல போட்டே திங்கலாம் போலருக்கே" என்றார். வாசலுக்கு நேரே ஒரு குழாய். ஓவர்சியர் திருகியதும் தண்ணீர் பாய்ந்து வந்தது பாருங்கள், அத்தனை பெண்களும் ஒரு சேரக் குலவையிட்டார்கள். கிணற்றடியில் குடத்துக்குக் குடம் சண்டை போட்டே தொண்டை கட்டியவர்கள் அவர்கள்.

செல்லக்கனி கிழக்கே பார்த்து அடுப்பை மூட்டினாள். பால் ஏறி, நுரைத்து, பானையின் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. "பொங்குச்சு, பொங்குச்சு!" என்று அவளே கத்திவிட்டாள். போட்டோக்காரர் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடித்தார். மதுரை அதிகாரி ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படியே பிரசிடெண்டிடம் சொன்னார்: "வீடு பிரமாதம். ஆனா பங்குனி முடியறதுக்குள்ள குடியேற ஆள் சேரலைன்னா, மிச்ச வீட்டுக்குண்டான பணம் மெட்ராசுக்கே திரும்பிடும். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க." ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

கூட்டம் கலைகிற நேரத்தில் சங்கிலிமுத்து வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். ட்ரங்குப் பெட்டி, உரல், பாய் எல்லாம் இறங்கின. பத்திரகாளி ஆட்டுக்கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அதே சமயம் பூட்டும் கையுமாக வந்தார் ஓவர்சியர்.

"என்னம்மா இது?"

"சாமான் சார். உரல எங்கன போடட்டும்?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, இது மாதிரி வீடும்மா. குடியிருக்க இல்ல. எல்லாரும் பார்க்கிறதுக்கு."

"மாதிரி வீடுன்னா?"

"வீடு மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

செல்லக்கனிக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் கோபம் தலைக்கு ஏறியது. "வீடு மாதிரியா? அப்பம் நான் காய்ச்சுனது பால் மாதிரியா? பொங்குனது மாதிரிக்கா பொங்குச்சு? ஒங்க அதிகாரி மாதிரிக்கா குடிச்சாரு? சொல்லுங்க சார்!"

ஓவர்சியர் ஓடிப்போய்ப் பிரசிடெண்டைக் கூட்டி வந்தார். வெள்ளைத்துரை வந்ததும் முதலில் சத்தம் போட்டார். குடிசையைப் பிரித்துவிட்டார்கள் என்று கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஒன்ன எவன்மா பிரிக்கச் சொன்னது?"

"ஒங்க வீட்டம்மாவ ஒரு வீட்டுல பால் காய்ச்சச் சொல்லிட்டு, அன்னைக்கே வெளிய போகச் சொல்லுவீகளாய்யா?"

தன் மனைவி சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவர் குரல் இறங்கிவிட்டது. பால் பொங்கிய அன்றைக்கே பூட்டு தொங்கினால் அந்த வீட்டை ஒரு பயல் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்பதும் அவருக்குத் தெரியும். "சரி, இன்னைக்கு ஒரு ராத்திரி வெளக்கு எரியட்டும். விடிஞ்சதும் காலி பண்ணிரணும். மாதிரி வீட்டுக்கு ஆளக் குடி வச்சா சட்டப்படி எனக்குத்தாம்மா கேடு. நீ ஒருத்தி மட்டும் இந்தப் பொட்டல்ல கெடந்து என்ன செய்யப்போற?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்திரகாளி ஆட்டுக்கல்லை அப்படியே கீழே வைத்தாள். விறுவிறு என்று பெட்டிச் சந்துப் பக்கமாக நடந்துவிட்டாள். இனி ஏழு தலைமுறைக்கு இதைச் சொல்லிச் சிரிப்பாளே என்று செல்லக்கனிக்கு அழுகை வந்தது. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அந்த வழுவழுப்பான தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஆசை தீர அழுதாள்.

விடிந்ததும் மூட்டை கட்டினாள். ட்ரங்குப் பெட்டியை வாசலுக்கு இழுத்தபோது புகைவாடை வந்தது. பட்டாசுப் பிரதேசத்தில் புகை என்றால் சும்மாவா? ஓடிவந்து பார்த்தாள்.

எதிரே வரிசையாகக் கிடந்த அஸ்திவாரங்களில் ஒன்றுவிடாமல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது! மூன்று மூன்று கல்லைக் கூட்டி, பானையை ஏற்றி, பெட்டிச் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் கிழக்கே பார்த்துக் குந்தியிருந்தார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. நட்ட நடு வெட்டவெளியில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அதே சந்தில் குடியிருந்த, வேதக்கோயில் பள்ளிக்கூடத்துப் பாக்கியவதி டீச்சர் கடைசி அஸ்திவாரத்தில் ஜெபம் பண்ணிவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முதல் அஸ்திவாரத்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பத்திரகாளி!

"மதினி, என்ன இது?"

"ஏன்ளா முழிக்க? எனக்கும் ஒரு வீடு வேணும். நேத்து அந்தக் கொழாயத் திருகுனப்பவே மனசு அதுல விழுந்துபோச்சு. ஒருத்தி மட்டும் வந்தாத்தான் இந்தப் பொட்டல் பயம். சந்தோட வந்தா எங்களுக்கு என்ன பயம்? சுடுகாட்டுப் பேயிதான் வேற ஊரு பாத்துப் போகணும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் பானை பொங்கியது. அடுத்தது பொங்கியது, அதற்கடுத்தது. குலவைச் சத்தம் கேட்டு ஊரே ஓடிவந்தது. பூட்டோடு ஓவர்சியரும் பின்னாலேயே பிரசிடெண்டும் வந்து சேர்ந்தார்கள்.

பத்திரகாளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஒருத்தி காய்ச்சுனா மாதிரின்னு சொன்னீகளே, நாங்க அம்புட்டுப் பேரும் காய்ச்சிட்டோம். இப்பம் என்ன சொல்லுதீக?"

"என்னத்தச் சொல்ல!" என்றார் வெள்ளைத்துரை. அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "யோவ் இன்பராஜ், நிக்காதேய்யா! ஒவ்வொருத்தர் பேரா எழுது! இன்னைக்கே மதுரைக்குத் தந்தி அடிச்சிருவோம்."

"எழுதிருதேன் சார்." ஓவர்சியர் தயங்கினார். "அப்போ அந்த மாதிரி வீடு?"

"ஆள் சேக்குறதுக்குத்தானய்யா மாதிரி. ஆர்டரே வந்தாச்சு, இனிமே அதை எவனுக்குக் காட்டப்போறே? மொதப் பேரு செல்லக்கனி, மொத வீடு அது. சாவிய அந்தம்மா கையில குடு."

செல்லக்கனி சாவியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லத் தோன்றவில்லை, கும்பிடத் தோன்றவில்லை. ட்ரங்குப் பெட்டியை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டாள். வாசலில் கூட்டம் இன்னும் ஆரவாரித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். இத்தனை சத்தமும் வெளியே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து சாக்கை விலக்கி உள்ளே வந்தவர்கள்தான் எல்லோரும். அவளைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

டொக் டொக் என்று கதவு தட்டப்பட்டது.

செல்லக்கனி உடனே திறந்துவிடவில்லை. மறுபடியும் தட்டினார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டுக்காரியின் குரலில் கேட்டாள்.

"யாரது?"

"நாந்தாம்ளா, சங்கிலிமுத்து. உள்ள வரட்டுமா?"