ஒன்பது, பனங்கட்டி நிறம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது மூளையைப் பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தேன். சிலருக்கு இலக்கங்கள் நிறத்தோடுதான் தெரியுமாம். பைத்தியமல்ல, நோயுமல்ல. மூளையில் இலக்க வடிவத்தை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் பக்கத்துப் பக்கத்து வளவுகள். நடுவில் வேலி சரியாக அடைபடாமல் இருக்கலாம் என்பது ஒரு கருத்து. வாசித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 1997இல், வெள்ளவத்தையில், அப்படியொரு பெண்ணை நான் ஏசியிருக்கிறேன்.

2

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘வெள்ளவத்தைக் கடலில் சூரியன் ஆயிரம் நிறங்களாய்க் கரைந்துகொண்டிருந்த அந்த மாலையில், கௌரியின் கண்களுக்குள்—’

சீ! அந்தக் கடையிலிருந்து கடலே தெரியாது. காலி வீதியில் ஒரு கொமினிகேஷன், வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கும் கடை. ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மின்விசிறி, மேசையில் கௌரி. அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அழைப்பு முடிந்ததும் இலக்கம் எழுதிய துண்டைக் கிழித்துவிட வேண்டும் என்பது முதலாளி இராசரத்தினத்தின் சட்டம். சோதனைக்கு வரும் பொலிஸ்காரர்கள் எதைப் பார்த்து என்ன கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

3

சிவக்கொழுந்து அக்கா போர் நடந்த வடக்கிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, லொட்ஜில் பொலிஸ் பதிவோடு தங்கியிருந்தவர். மகன் குகதாசன் பாங்கொக்கில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அறையில் இருந்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அந்த அறையின் தொலைபேசி இலக்கம். பிறகு எங்கே கொண்டுபோவார்கள் என்பது அவனுக்கே தெரியாது. இரண்டு கிழமைக்கு முன் இதே கடையில் ஒருமுறை கதைத்திருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பும் வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் சோதனைக்கு இறக்கினார்கள். வெளிநாட்டு இலக்கம் என்றால் வில்லங்கம் என்று பயந்து, இவர் துண்டைக் கிழித்துத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் போட்டுவிட்டார்.

“கடைசியில அவன் என்ர பையைக்கூடப் பாக்கேல்லைப் பிள்ளை,” என்று அழுதார். “போங்கோ எண்டு கையைக் காட்டினான்.”

(அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. என் சொந்தத் தங்கையின் கடிதத்தை நானே மென்று விழுங்கியிருக்கிறேன். அதில் மாங்காய் ஊறுகாய்க்குப் பக்குவம் எழுதியிருந்தாள்.)

ஏஜென்சிக்காரனின் கொழும்புத் தொலைபேசி எடுபடவில்லை. அடித்த இலக்கங்களெல்லாம் பதிவான பில் கடைக்கு வருவது மாதக் கடைசியில்.

4

கௌரி பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

“அன்ரி, ஒண்டு சொன்னா சிரிக்கமாட்டியளே?”

“சொல்லு பிள்ளை.”

“எனக்கு இலக்கங்கள் நிறமாத்தான் தெரியும். அண்டைக்கு நீங்கள் தந்த நம்பர் சீலைக்கரை மாதிரி வரியாக் கிடந்தது. எல்லாம் ஞாபகமிருக்கு. கடைசிதான்… அது பிரவுண். எனக்கு ஆறும் பிரவுண், ஒன்பதும் பிரவுண். ஆறு தேயிலைச் சாயம், ஒன்பது பனங்கட்டி.”

இரண்டாம் வகுப்பில் ஐந்து சிவப்பென்று சொன்னபோது வகுப்பே சிரித்ததாம். அதற்குப் பிறகு வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

அப்போது வரிசையில் நின்ற ஒரு வழுக்கைத் தலையர் கத்தினார்: “இதென்ன விசர்க் கூத்து! நிறம் பாத்தோ நம்பர் அடிக்கிறது? நாங்கள் எவ்வளவு நேரம் நிக்கிறது?”

[திருத்தம்: எனக்கு வழுக்கை இல்லை. கத்தியது நான். லண்டனிலிருக்கும் தங்கையிடம் சும்மா சுகம் விசாரிக்கத்தான் நின்றேன்.]

கௌரியின் முகம் செத்துப்போய்விட்டது. பேனையை மேசையில் வைத்துவிட்டாள். சிவக்கொழுந்து அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ அடி பிள்ளை,” என்றார்.

5

முதலில் தேயிலைச் சாயம். யாரோ ஒரு பெண், விளங்காத மொழியில் எரிந்து விழுந்தாள். கௌரி லைனை வெட்டினாள்.

“பிழைச்சுப்போச்சு, அன்ரி. எனக்கு உண்மையிலேயே விசரோ தெரியாது.”

“ஒரு விசரும் இல்லை. அப்ப பனங்கட்டியைப் போடு.”

6

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

அ) குகதாசன் “அம்மா” என்கிறான். (எழுதும்போதே அழுதேன். அதனாலேயே நம்பவில்லை.)

ஆ) யாரும் எடுக்கவில்லை. (இதை எழுதினால் இலக்கியத்தரம் என்பார்கள். எனக்கு மனம் வரவில்லை.)

நடந்ததைச் சொல்லலாமே என்பீர்கள். எனக்குத் தெரியாது. அதற்குமேல் அங்கே நிற்க வெட்கமாக இருந்ததால் தெருவில் இறங்கிவிட்டேன். கண்ணாடிக்கு வெளியிலிருந்து கடைசியாகக் கண்டது இவ்வளவுதான்: லைன் கிடைத்துவிட்டது என்று கௌரி தலையாட்டினாள். சிவக்கொழுந்து அக்கா கூண்டுக்குள் போய், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் முகத்தைத் துடைத்துத் தலைமயிரைச் சரிசெய்தார். மகன் பார்க்கப்போகிறான் என்பதுபோல. கௌரி எழுந்து நின்றுவிட்டாள்.

அந்தக் கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு வருடக்கணக்காகியும் அந்த நிறங்கள் பெரும்பாலும் மாறுவதில்லையாம். அதை வாசித்த நாளிலிருந்து பனங்கட்டியை நான் நம்புகிறேன்.

நான் இத்தோடு எழுதுவதை விடுகிறேன். பாங்கொக்கில் மணி அடிக்கிறது. வாசிக்கிற நீங்கள்தான் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

எடுங்கோ.