நடுத்தெருவில் ஒரு கும்பிடு

செஸ்டியஸ் குடும்பம் ரோமிலேயே பழையது. குடியிருப்பு மட்டும் வாடகை மாடியின் உச்சியில், அதுவும் அடுப்பு புகைந்து நாளாகிவிட்டது. கடைசியில் செஸ்டியஸ் வெட்கத்தை விட்டு, ஒட்டுப்போட்ட டோகா அங்கியைச் சுற்றிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் யூட்டிகஸ் வீட்டு வாசலுக்குப் போக ஆரம்பித்தார். யூட்டிகஸ் அவரிடம் அடிமையாக இருந்தவன். விடுதலை கொடுத்ததும் அவர்தான். இன்று அவன் ரொட்டிச் சூளை முதலாளி. காலையில் நேரில் வந்து வணங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு கூடை சாப்பாடு உண்டு.

ஆனால் போகும்போதெல்லாம் வாசற்காவலன் கையை விரித்தான். "முதலாளி வெளிய கெளம்பிட்டாருங்க."

வெறுங்கையோடு மாடி ஏறினால் மனைவி டூரியா சிரிப்பாள். "இப்பதான் உங்க யூட்டிகஸ் வந்து வெறும் நாற்காலியக் கும்பிட்டுட்டுப் போறான். விடுதலை குடுத்த எஜமான தெனமும் காலையில கும்பிடணுமாமே!"

"கையில ஏதாச்சும் கொண்டுவந்தானா?"

"எஜமானுக்கே பிச்சை போடுவானா? மரியாதை தெரிஞ்ச பய. நாசமாப்போன மரியாதை!"

அன்று மழை. யூட்டிகஸ் தாமதமாகக் கிளம்பியதில், நடுத்தெருவில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அவன் பின்னால் அவனை அண்டிப் பிழைக்கிற கூட்டம் வேறு. முதலில் வணங்குகிறவன்தான் சின்னவன், ஊரே பார்க்கிறது. கூடைக்காகவாவது வணங்கிவிடலாம் என்று செஸ்டியஸ் வாயைத் திறந்தார். 'எஜமான்' என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. யூட்டிகஸும் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அப்போது பார்த்து அவருடைய டோகா நுனி சரிந்து சேற்றில் விழுந்தது. யூட்டிகஸ் சட்டென்று குனிந்து அதைத் தூக்கிப் பிடித்துவிட்டான். எத்தனை வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? பின்னாலிருந்த ஒருவன் களுக்கென்று சிரித்தான். குனிந்தவனின் காது சிவந்துபோனது.

செஸ்டியஸுக்குப் பாவமாகிவிட்டது.

"கீழ விழுந்த மோதிரம் கெடச்சுதா, எஜமான்?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "கெடைக்கலன்னா நானும் தேடுறேங்க."

சிரித்தவன் உட்பட கூட்டம் மொத்தமும் சேற்றில் மண்டிபோட்டுத் தேடத் தொடங்கியது.

யூட்டிகஸ் நிமிர்ந்து அவர் காதருகே முணுமுணுத்தான். "ஐயா, அந்த வார்த்தைய நானில்ல சொல்லியிருக்கணும்?"

"நாளைக்குச் சொல்லுடா. இன்னிக்கு எனக்குப் பசிக்குது."